தற்காப்பும் தண்டமும்

இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் நெடுமதிலாற் பிணித்து நிற்பது செஞ்சிக்கோட்டை. 1690-ஆம் ஆண்டு தொடங்கி 1698-ஆம் ஆண்டு வரை முகலாயப் பெரும்படை வளைந்து கிடந்தும் எளிதிற் கைப்படாது நின்ற இவ்வரண், 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மராட்டியர் அரண்களுள் ஒன்றாக உலக மரபுச் சின்னமென ஏற்கப்பட்டதை அன்பர்கள் அறிவர். இராசகிரியின் உச்சியை அணுகுவார்க்கு இடையே ஆழ்ந்த பிளவு ஒன்று குறுக்கிடும். அதன்மேற் பண்டு இழுத்துக்கொள்ளத்தக்க மரப்பாலம் கிடந்தது. பகைவர் வரின் அதனை உள்ளிழுத்துக்கொள்வர். பகை நீங்கின் மீளவும் இடுவர். அரண் என்பது நின்ற இடத்தே நின்று காப்பது. பிறர் மனைக்கு நடந்து சென்று ஒறுப்பது அன்று. இவ்வொரு கருத்தினை மனத்திற் கொண்டே, மக்கள் வாழ்விற் பெருந்துயர் விளைப்பதொரு வினாவினை ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

அவ்வினா யாதெனின், உடன்பிறந்தாரும் பங்காளிகளும் தம்முட் பூசலிட்டு, அப்பூசலில் ஒருவர் உயிர் நீங்கியவிடத்து, மற்றவர், “என் உயிரைக் காத்தற்பொருட்டே இது செய்தேன்” என்று மேல்மன்றத்தில் முறையிடுவாராயின், அவ்வுரை எத்துணை மெய்யாகும்? அஃது எதுவரையிற் செல்லும்? சட்டநூலார் இதற்கு ஒரு விடை கூறுப. உயிரின் இயல்பும் வினையின் இயல்பும் ஆராயும் சித்தாந்த நூலாரும் ஒரு விடை கூறுப. இவ்விரண்டும் முரணுவன அல்ல என்பதும், ஒன்றற்கு ஒன்று விளக்கமாவன என்பதும் நம் கருத்தாம்.

பொருளை விளக்குதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். செஞ்சியை அடுத்த சிற்றூர் ஒன்றில் அண்ணன் தம்பியர் இருவர்க்குத் தந்தை விட்டுச்சென்ற வேர்க்கடலைக் கொல்லையும் பொதுக்கிணறும் உள. வரப்பு ஒரு முழம் நகர்ந்தது என்றும், முறைத்தண்ணீர் தவறியது என்றும் பல்லாண்டாய்ப் பகை வளர்ந்து வருகின்றது. ஒருநாட் காலை அண்ணன் அரிவாளொடு வருகின்றான். தம்பி மண்வெட்டியொடு வரப்பில் நிற்கின்றான். அண்ணன் முதலில் வெட்ட, தம்பியின் தோள் பிளவுபடுகின்றது. தம்பி மண்வெட்டியால் அடிக்க, அண்ணன் வீழ்கின்றான். அரிவாளும் கைவிட்டு அப்பாற் போகின்றது. வீழ்ந்தவன்மேல் தம்பி பின்னும் இருமுறை அடிக்கின்றான். அண்ணன் உயிர் போகின்றது. களத்துமேட்டில் நின்று இவையனைத்தும் கண்டவள் இருவரையும் ஈன்ற தாய் ஒருத்தியே.

இனி இவ்வழக்கு நடக்கும் முறையை நோக்குக. கொலைக்குற்றம் ஆதலின், குற்றவியல் நடுவர் அதனைச் செசன்சு நீதிமன்றத்திற்கு அனுப்புவர். ஆண்டுத் தண்டனை பெற்றவன் சென்னை உயர்நீதிமன்றத்திற்கும், அதன்மேல் உச்சநீதிமன்றத்திற்கும் முறையிடலாம். கீழ்மன்றத்தில், “யான் அவ்விடத்தில் இல்லவே இல்லை” என்று வழக்காடியவன், மேல்மன்றத்தில், “தற்காப்பின்பொருட்டுச் செய்தேன்” என்று கூறுதலும் உண்டு. இஃது ஒன்றற்கொன்று மாறாயிற்றே எனின், சட்டம் இதற்கும் இடங்கொடுக்கின்றது. குற்றஞ்சாட்டப்பட்டவன் தன் வாயாற் கூறாதொழியினும், சான்றுகளால் தற்காப்பு என்பது விளங்குமாயின், மன்றம் அதனைத் தானே கருதிப் பார்த்தல் வேண்டும் என்பது உச்சநீதிமன்றம் பலகாற் கூறியதொரு நெறி. அச்சத்தாற் பொய் கூறினான் என்பது கொண்டே அவனுக்குரிய மெய்யான உரிமையை மறுத்தலாகாது என்பது இதன் உட்கிடை.

அவ்வுரிமைதான் யாது? 1860-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் இதனை வகுத்துக் கூறிற்று. 2024-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல்நாள் அச்சட்டத்தினிடத்திற்கு வந்த பாரதிய நியாய சன்கிதை, 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் அதனையே பெரும்பாலும் மாறாது கொண்டது. அதன் சாரம் வருமாறு: ஒருவன் தன் உடலையும் பிறர் உடலையும் காக்கலாம்; உடைமையையும் காக்கலாம். உயிர்க்கேடோ கொடுங்காயமோ கற்பழிவோ இவைபோன்ற பேரிடரோ நேருமென்னும் தக்க அச்சம் உளதாயின், காக்கும் செயல் பகைவன் உயிரைப் போக்குமளவும் செல்லலாம். ஆயினும், அரசின் காவலரை நாடுதற்குக் காலம் உளதாயின் இவ்வுரிமை இல்லை. காத்தற்கு வேண்டும் அளவின் மேற்பட்ட ஊறு செய்தலும் கூடாது. அச்சம் தோன்றும்போது இவ்வுரிமை தோன்றும். அச்சம் நீங்கும்போது தானும் நீங்கும்.

உடைமையின் திறத்திற் சட்டம் பின்னும் குறுகிய எல்லை வகுக்கின்றது. வழிப்பறி, இரவில் மனை உடைத்துப் புகுதல், குடியிருக்கும் மனைக்குத் தீயிடல் முதலிய சிலவிடத்தன்றி உடைமைக்காக உயிர் போக்குதல் இல்லை. உயிர்க்கு அச்சம் விளைக்காது பிறன் நிலத்தில் வெறிதே அடிவைத்தான் என்பது கொண்டு அவன் உயிரைப் போக்குதற்கு எவர்க்கும் உரிமை இன்று. வரப்பு ஒரு முழம் நகர்ந்தமைக்கு மருந்து நில அளவையாளரின் சங்கிலியும் உரிமையியல் மன்றமுமேயன்றி அரிவாள் அன்று.

எல்லை கடந்தவிடத்துச் சட்டம் என்செய்யும்? நல்லெண்ணத்தோடு காக்கப் புகுந்து, முன்னெண்ணமின்றி, வேண்டும் அளவிற்கு மேல் ஊறு செய்யும் கருத்துமின்றி, எல்லையைக் கடந்துவிட்டானாயின், அச்செயல் கொலைக்குற்றம் என்னும் பெயரினின்று நீங்கி, அதனிற் குறைந்த மரணம் விளைத்த குற்றமாகும். கொலைக்குத் தூக்கோ வாழ்நாட்சிறையோ உண்டு. இதற்குத் தூக்கு இல்லை. சிறைக்காலமும் குறைதல் கூடும். ஆகலின், நாம் கற்பித்த வழக்கிலே தம்பியின் முதல் அடி ஒரு நிலை. வீழ்ந்தபின் விழுந்த இரண்டடிகள் மற்றொரு நிலை. அவ்விரண்டும் அச்சத்தின் எச்சமோ, சினத்தின் தொடக்கமோ என்பதே மேல்மன்றத்தார் ஆராயவேண்டுவது.

இதனை ஆராய்தல் எளிதன்று. 1952-ஆம் ஆண்டு, கலகத்திடைத் தன் மனையையும் கடையையும் காக்கச் சுட்ட ஒருவர் வழக்கிலே, நீதிபதி விவியன் போசு, இத்தகைய உரிமையைப் பொன் நிறுக்கும் துலாக்கோலில் இட்டு நிறுத்தலாகாது என்னும் கருத்துப்பட எழுதினார். உயிர் ஊசலாடும் நொடியில் நின்றவன் செயலை, அமைதியான மன்றத்தில் இருந்தார் அணு அணுவாக அளத்தல் நடுவுநிலைமை ஆகாது என்க. 2010-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தல்வீர் பண்டாரி, அசோக் குமார் கங்குலி என்னும் நீதிபதிகள் இருவர் உச்சநீதிமன்றத்திற் பஞ்சாபு நாட்டு வழக்கு ஒன்றைத் தீர்த்தனர். நிலம்பற்றி மூண்ட பூசலில் தந்தை ஆயுதத்தால் தாக்குண்ண, அதுகண்ட மைந்தன் தாக்கியவரைத் துப்பாக்கியாற் சுட்டான், அவர் இறந்தார். கீழ்மன்றம் மைந்தனை விடுவித்தது. உயர்நீதிமன்றம் குற்றவாளி என்றது. உச்சநீதிமன்றம் மீளவும் விடுவித்தது. தற்காப்புரிமையின் நெறிகளை அத்தீர்ப்பு வரிசைப்படுத்திக் கூறுகின்றது. அவற்றுள் நம் ஆராய்ச்சிக்கு உயிராயது ஒன்று உண்டு. அஃதாவது, இவ்வுரிமை வருந்தீங்கைத் தடுத்தற்கே உரியது. பழிவாங்குதற்கோ ஒறுத்தற்கோ உரியதன்று என்பது.

தடுத்தல் வேறு, ஒறுத்தல் வேறு. இவ்வேறுபாட்டின்கண்ணேதான் சட்டமும் சித்தாந்தமும் கைகோத்துக்கொள்கின்றன. அஃது யாங்ஙனமென்று காட்டுவாம்.

தண்டம் என்பது யாருக்கு உரியது? அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இதனைத் தெளிவுறுத்தினார். நன்மை தீமைகளை அவர் உயிர்க்கு இதம் செய்தல், அகிதம் செய்தல் என்று பகுத்தார். தீமை செய்த உயிரை இறைவன் ஒறுத்தலும் அருளே என்றார். தந்தை தாயர் தம் மகவைக் கடிதல் அதன் நலத்தின்பொருட்டே என்பது அதற்கு அவர் காட்டிய நெறி. அரசன் குற்றவாளியை ஒறுத்தலும் அவ்வருள்வழிப்பட்டது என்றும், அத்தண்டத்தை ஏற்று நல்வழி நின்றார் மறுமையில் நரகத் துன்பம் எய்தார் என்றும் அவர் விளக்கினார். இதனால், தண்டம் பகையின் வெளிப்பாடன்று, நோய்க்கு மருந்து என்பது பெறப்பட்டது. மருந்து கொடுத்தற்கு உரியவன் நோயை அறிந்தவன். அவன் நோயாளிமாட்டுப் பகையில்லாதவன். தன்னை வெட்டியவனை ஒறுக்க நினைப்பவனுக்கு இவ்விரு தகுதியும் இல்லை. அவன் பிறன் வினையை அறியான்; பகையின்மையும் உடையனல்லன். ஆகவே, காப்பு ஒவ்வோர் உயிர்க்கும் உரியது. தண்டம் எந்தத் தனியுயிர்க்கும் உரியதன்று. தம்பியின் முதலடி காப்பு, அது குற்றமாகாது. வீழ்ந்த அண்ணன் மேல் விழுந்த அடி சினத்தின்பாற்பட்டதாயின், அது தனக்குரித்தல்லாத தண்டத் தொழிலைத் தான் கைப்பற்றியதாகும்.

இன்னும் ஆழ்ந்து நோக்குமிடத்து, தற்காப்பு என்னும் சொல்லில் உள்ள ‘தன்’ என்பது யாது என்னும் வினா எழும். அரிவாள் நோக்கி வருவது உடம்பை. அவ்வுடம்பு இறைவன் வினைக்கீடாகத் தந்த கருவி. அதனைக் கொண்டன்றி உயிர் பக்குவமுறுதல் இல்லை. அதனைக் காத்தல் கடன். ஆயின், பூசலிடை மக்கள் காக்க முயல்வது பெரும்பாலும் அவ்வுடம்பினை அன்று; ‘யான்’ என்னும் செருக்கினையும் ‘எனது’ என்னும் பற்றினையுமே. “என் வரப்பு”, “என் முறை”, “ஊரார் முன் என்னை இழித்தான்” என்பன எல்லாம் ஆணவத்தின் உரைகள். ஆணவத்திற்கு அச்சம் நீங்கும் காலம் இல்லை. அஃது எஞ்ஞான்றும் தான் தாக்கப்பட்டதாகவே எண்ணும். ஆகலின், உடம்பைக் காக்கும் உரிமைக்குச் சட்டம் எல்லை வகுக்க முடிந்தது. ஆணவத்தைக் காக்கும் உரிமைக்கு எல்லை வகுத்தல் இயலாது. அதனாற்றான் அவ்வுரிமையைச் சட்டம் அடியோடு தந்திலது.

இவ்விடத்து மறுப்பு ஒன்று எழும். “நாயன்மார் தம்மைக் காத்துக்கொண்டிலரே! செஞ்சிக்குத் தொலைவில் அல்லாத திருக்கோவலூரில் இருந்து ஆண்ட மெய்ப்பொருள் நாயனார், நீறுபூசிய வேடத்தோடு வந்து சுவடிக்குட் கத்தி மறைத்த முத்தநாதன் தம்மைக் குத்தியவிடத்தும், வாளெடுத்த தத்தனைத் தடுத்து, அப்பகைவனை ஊர் எல்லை கடக்கும்வரை தீங்கின்றி விடச் செய்தார். ஏனாதிநாத நாயனார் வரலாறோ பங்காளிப் பூசலே. வாள்வித்தை பயிற்றும் தொழிலுரிமைத் தாயத்தில் உள்ளவனாகிய அதிசூரன், பொறாமையால் அவரைப் போருக்கு அழைத்தான். நேர்நின்று வெல்ல மாட்டாது, மறைத்திருந்த நெற்றி நீற்றைத் திறந்து காட்டினான். நாயனாரும் கையோய்ந்து நின்றார். இவ்வாறிருக்க, சைவர்க்குத் தற்காப்பு என்பது தகுமோ?” என்பது அம்மறுப்பு.

இதற்கு விடை கூறுதும். அவர்கள் துறந்தது தம் உயிரையே; பிறர் உயிரை அன்று. தன்னுயிரைத் தான் கொடுத்தல் தியாகம் ஆகலாம். தன் காவலில் உள்ள மகவின் உயிரைக் கொலைஞனுக்கு விட்டு நிற்றல் தியாகம் ஆகாது. 2012-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் மதுரையில், தம் மகளுக்கு நேரவிருந்த பெருந்தீங்கைத் தடுக்கப் புகுந்த தாய் ஒருவர் கையாற் கணவன் இறந்தபோது, மாவட்டக் காவற் கண்காணிப்பாளராயிருந்த அஸ்ரா கார்க், தண்டனைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவின்படி அது தற்காப்பே எனக் கொண்டு அவரைச் சிறையிடாது விடுத்தார். அத்தாயை நோக்கி, “நீ பொறுத்திருத்தல் வேண்டும்” என்று எந்தச் சைவநூலும் கூறாது. மேலும், நாயன்மார் பொறுத்தது திருவேடத்தின்மேல் வைத்த அன்பினால். அஃது அவர்தம் பக்குவத்தின் உச்சி. எல்லார்க்கும் வகுத்த சட்டமன்று. அந்நிலையை ஒருவன் தனக்கு மேற்கொள்ளலாம், பிறன்மேல் ஏற்றலாகாது.

ஆயினும், ஏனாதிநாதர் வரலாற்றில் நம் வினாவிற்கு நேரே பயன்படும் நுட்பம் ஒன்று உளது. அவர் கையோய்ந்தபின்னும் வாளையும் பலகையையும் கீழே எறிந்திலர். படைக்கலம் இல்லாதவரைக் கொன்றான் என்னும் பழி அப்பகைவனுக்கு வாராதொழிக என்று, எதிர்நிற்பார் போல அவற்றை ஏந்தியே நின்றார். தம்மைக் கொல்ல வருவான் மேல் ஏறும் வினையின் அளவையும் குறைக்க அவர் எண்ணினார். படையிழந்தவனைத் தாக்குதல் பெரும்பழி என்பதும் இதனால் விளங்கும். இது நம் கற்பனை வழக்கின் தம்பிக்கும் பொருந்தும். அரிவாள் கைவிட்டு வீழ்ந்த அண்ணன் அப்பொழுது படையிழந்தவன்.

மற்றொரு மறுப்பும் எழலாம். “சண்டேசுர நாயனார் தந்தையின் தாளையே வெட்டினாரன்றோ? அச்செயலை இறைவன் உவந்து அவரை மகனாக ஏற்றானன்றோ? உறவினரைக் கொல்லுதல் ஒருகால் அறமும் ஆகுமே” என்பது அது. இவ்வெடுத்துக்காட்டைத் தம் செயலுக்கு அரணாகக் கொள்வார், அவ்வரலாற்றின் உயிர்நிலையை மறந்தவராவர். விசாரசருமர் வெட்டியது தமக்கென ஒரு பொருளையும் நாடி அன்று. மணலாற் சமைத்த சிவலிங்கத்திற்கு ஆட்டும் பாற்குடத்தைத் தந்தை காலால் இடறியபோது, தந்தை என்னும் பற்றும் அவர்க்கு இலதாயிற்று. தாம் என்னும் நினைவும் இலதாயிற்று. அங்கு அறுந்தது பாசம். வரப்புக்காக உடன்பிறந்தானை வெட்டுபவனிடத்து அறுவது உறவு மட்டுமே. பாசமோ முன்னையினும் இறுகுகின்றது. ‘எனது’ என்பதனைக் காத்தற்குச் செய்த செயலுக்கு, ‘எனது’ என்பதனை இழந்தார் செயலைச் சான்று காட்டுதல் எவ்வாறு பொருந்தும்?

இனி, நாம் முதலிற் கூறிய அத்தாயினிடத்து மீள்வோம். வழக்கு அவள் நாவின்மேல் நிற்கின்றது. ஒரு மகன் இறந்தான். மற்றொரு மகன் கூண்டில் நிற்கின்றான். “கீழே விழுந்தபின் அடித்ததை மட்டும் சொல்லிவிடாதே அம்மா” என்று இளைய மகனின் மனைவி அழுது காலில் விழுகின்றாள். “முதலில் வெட்டியவர் அவர் என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள் அத்தை” என்று இறந்தவன் மனைவி தன் மக்களைக் காட்டி மன்றாடுகின்றாள். இருவர் கேட்பதும் பொய்யன்று, பாதி மெய். குடும்பப் பூசல்களில் நீதி கெடுவது முழுப்பொய்யால் அன்று. இவ்வாறு இருபாலும் மறைக்கும் பாதிகளாலேயாம்.

சட்டம் இதனை நன்கறிந்துள்ளது. எதிரியின் உடம்பிற் கண்ட காயங்களுக்கு வழக்குத் தொடுப்பார் காரணம் கூறாது விடின், அவர் நிகழ்ச்சியின் தோற்றுவாயை மறைக்கின்றார் என்று கொள்ளலாம் என 1976-ஆம் ஆண்டு பீகார் வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றம் கூறிற்று. தற்காப்பை மெய்ப்பிக்கும் பொறுப்புக் குற்றஞ்சாட்டப்பட்டவன்மேலது. 1872-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 105-ஆம் பிரிவும், இன்று அதனிடத்துள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 108-ஆம் பிரிவும் அவ்வாறே கூறும். ஆயின், ஐயமற மெய்ப்பித்தல் வேண்டா. ஒத்துப் பார்க்குமிடத்து அதுவே நிகழ்ந்திருத்தல் கூடும் என்னும் அளவு போதும். இத்துணை நுண்ணிய நிறைகோலும் சான்று கூறுவார் நாவிலுள்ள மெய்யை நம்பியே நிற்கின்றது.

இறைவனும் வழக்கிற் சான்று காட்டியவனே என்பதை நம்மனோர் நினைதல் வேண்டும். மெய்கண்டதேவர் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூர், செஞ்சியைப் போலவே இன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்தது. அவ்வூர் அவையத்தில்தான், எல்லாம் வல்லவனாகிய இறைவன் ஒரு முதிய வேதியனாய் நின்று, சுந்தரர் தமக்கு அடிமை என்று வழக்காடினான். ஆணையால் நிறுவ வல்லவன் அவ்வாறு செய்யாது, மூல ஓலையை அவையத்தார்முன் வைத்தான். அவர்களும் பாட்டனார் கையெழுத்தை ஒப்புநோக்கியே தீர்ப்புக் கூறினர். மக்களின் மன்றம் உள்ளத்தைக் காண வல்லதன்று. கண்டார் கூற்றையும் காயத்தையும் கையெழுத்தையுமே காணும். அது தெரிந்தே இறைவனும் அம்முறைக்கு உடன்பட்டு நின்றான். அங்ஙனமாக, கண்டதனைப் பாதி மறைக்கும் சான்றாளர், மன்றத்தார் கண்ணையே மறைப்பவராவர்.

“ஈன்ற வயிறு எங்ஙனம் பொறுக்கும்? மகன் சிறைபுகத் தாயே உரைப்பதோ?” என்று கேட்பார்க்கு யாம் கடிந்து விடை கூறேம். அது சொல்லுதற்கு எளிது, செய்தற்கு அரிது என்பதை அறிவோம். ஆயினும் ஒன்று கூறுவோம். சித்தியார் கூறியவாறு தண்டம் மருந்தாயின், அதனைத் தப்புவித்தல் மகனுக்கு நலமாதல் யாங்ஙனம்? மூன்றாம் அடியைத் தான் சினத்தால் அடித்தேன் என்பது அவன் உள்ளத்திற்குத் தெரியும். மன்றம் அவனை முழுதும் விடுவித்தாலும், அவன் அக்கொல்லையில் ஏர்பூட்டும் ஒவ்வொரு காலையும் அவ்வரப்பினைக் காண்பான். தீராத நோயினை மறைத்துக் காட்டி மருத்துவனை ஏய்த்தவன் பெறும் பயன் யாதோ, அதுவே பொய்யான தற்காப்பினால் விடுதலை பெற்றவன் பெறும் பயன். அவன் செய்த வினை அழிந்ததன்று. தீர்தற்கு வாய்த்த ஒரு வாயில் அடைபட்டது, அவ்வளவே.

இதற்கு மறுதலையும் மெய்யே. முதலடி ஒன்றே நிகழ்ந்து, அதனால் அண்ணன் இறந்திருப்பின், அத்தம்பியை ஒறுத்தல் நோயில்லாதவனுக்கு மருந்தூட்டுதலாகும். அங்கு இறந்தவன் மனைவி முதல் வெட்டினை மறைப்பாளாயின், அவள் தன் கணவனுக்கும் நன்மை செய்தாளல்லள். அவன் வினையோடு ஒரு பொய்யையும் சேர்த்து, தன் மக்களுக்கு ஒரு பழங்கணக்கினை விட்டுச் செல்கின்றாள். கணக்கு என்று ஒன்று இருந்தால் அதனைத் தீர்க்க ஒருவன் பிற்காலத்து எழுவான். பங்காளிப் பகை இரண்டு மூன்று தலைமுறை நீளுவதெல்லாம், முதல் வழக்கில் மெய் முழுதும் கூறப்படாமையாலேயே என்று கூறின் அது பெரிதும் பிழையாகாது.

எல்லை கடவாது தன்னைக் காத்துக்கொண்டவன் செருக்குறலாமோ? ஆகாது. சட்டம் அவனைக் குற்றமற்றவன் என்னும். நாமும் அவ்வாறே கூறுவோம். ஊராரும் அவனைக் கொலைஞன் என்று அழைத்தல் தகாது. ஆயினும், அவன் கையால் ஓர் உயிர் உடம்பினின்று நீங்கியது. அவ்வுயிர் அவனோடு ஒரே மடியிற் பால் உண்டது. குற்ற உணர்ச்சி அவனுக்கு வேண்டா. துயர உணர்ச்சி வேண்டும். குற்ற உணர்ச்சி செய்யத்தகாதது செய்தார்க்கு உரியது. துயரமோ, செய்யத்தக்கதே செய்தும் அதன் பயனைக் கண்டு நெஞ்சு நைவார்க்கு உரியது. இவ்விரண்டையும் பகுத்தறியாமையால், நல்லோர் சிலர் குற்றமின்றியும் தம்மைத் தாமே ஒறுத்துக்கொள்கின்றனர்; தீயோர் சிலர் விடுதலை பெற்ற நாளிற் பட்டாசு வெடிக்கின்றனர். காத்தற்குச் செய்தேன் என்று மெய்யாகவே கூறத்தக்கவன் பட்டாசு வெடிக்கமாட்டான். அவன் அண்ணன் மக்களுக்குக் கிணற்றில் முறைத்தண்ணீர் தவறாது விடுவான்.

ஆகவே, மேல்மன்றத்தார் முன் நிற்கும் வினாவும், தனித்திருக்கும்போது தம்பியின் நெஞ்சு கேட்கும் வினாவும் ஒன்றே: “எந்த நொடி வரையில் நீ காத்தாய்? எந்த நொடி முதல் நீ ஒறுத்தாய்?” என்பது அது. மன்றத்தார் அதனைக் காயத்தாலும் சான்றாலும் உய்த்துணர்வர், பிழைபடுதலும் கூடும். ஆதலினாலேயே மேன்முறையீடு என்னும் படிகள் வகுக்கப்பட்டன. உள்நின்று காணும் இறைவனுக்கோ மேன்முறையீடு இல்லை. அவன் தீர்ப்பில் பிழையும் இல்லை. அவனை நினைந்து நிற்பார் மன்றத்தின்கண்ணும் மெய்யே உரைப்பர்.

அரிவாளும் மண்வெட்டியும் எடுக்குமுன்னரே இவ்வினாவினைத் தம்முட் கேட்டுக்கொள்ளும் உடன்பிறந்தார் உளராயின், மன்றம் ஏறும் துன்பமே அவர்க்கு இல்லையாம். செஞ்சி மலைமேல் இருந்த அம்மரப்பாலம் உள்ளிழுக்கப்பட்டதும் உண்டு. மீள இடப்பட்டதும் உண்டு. பகைவந்த நாளில் உள்ளிழுத்தல் காப்பு. பகை நீங்கிய நாளில் மீள இடுதலே அறிவு. பங்காளியர் தம் பாலங்களைப் பகை நீங்கியபின்னும் இழுத்தே வைத்துள்ளனர். அவற்றை மீள இடுமாறு, களத்துமேட்டில் நிற்கும் தாயர் பொருட்டேனும், அவர்களை வேண்டுகின்றாம்.

திருச்சிற்றம்பலம்.